அப்பாவுக்குக் கேட்காத தவளைகள்

"இந்த வருஷம் தவளை ஒண்ணையும் காணோம்மா. எல்லாம் செத்துப்போச்சு போல."

போன ஜூன் மாதம், தென்மேற்குப் பருவமழை தொடங்கிப் பத்து நாள் ஆகியிருந்தபோது அப்பா போனில் சொன்னது இது. வேறு யார் சொல்லியிருந்தாலும் பேச்சுவாக்கில் விட்டிருப்பேன். அப்பா வால்பாறையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் நாற்பத்தெட்டு மழைக்காலம் பார்த்தவர். இராத்திரி ஷிப்ட் முடிந்து விடிகாலை மூன்று மணிக்குக் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்து வருவார். வந்ததும் வாசலில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "இன்னும் மூணு நாளைக்கு விடாது" என்பார். அம்மா அதை நம்பி விறகை உள்ளே எடுத்து அடுக்குவாள்.

நான் பொள்ளாச்சியில் ஒரு பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. தவளையின் மூன்று அறை இதயத்தைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதனால் அப்பா சொன்னது சட்டென்று உள்ளே போய்த் தைத்தது. உலகத்து நீர்நில வாழ்விகளைப் பற்றி 2023-இல் வந்த பெரிய கணக்கெடுப்பில், நூற்றுக்கு 41 இனங்கள் அழியும் ஆபத்தில் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். பறவைகளையும் பாலூட்டிகளையும் விட மோசமான நிலை. தவளை தோலாலும் மூச்சு விடுகிற பிராணி. மண்ணிலும் நீரிலும் இருப்பதெல்லாம் அந்த மெல்லிய தோல் வழியாக உள்ளே போகும். எங்கள் லைனைச் சுற்றித் தேயிலைக்கு மருந்தடிப்பது எனக்குத் தெரியும். அப்பா சொன்னது நடந்திருக்கக்கூடியதுதான் என்று நினைத்தேன். சனிக்கிழமை காலை பஸ் ஏறிவிட்டேன்.

ஆழியாறு வரைக்கும் வெயில். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் பாதி ஏறும்போதே கண்ணாடியில் நீர் கோத்துக்கொண்டது. அட்டகட்டியில் மேகம் பஸ்ஸுக்குள் வந்துவிட்டது. வால்பாறையில் இறங்கியபோது, மழை என்று தனியாக ஒன்று பெய்வதாகத் தெரியவில்லை, காற்றே ஈரமாக இருந்தது. வருஷத்துக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிற ஊர். குடை என்பது இங்கே ஒரு மரியாதைக்குத்தான்.

அண்ணி இன்னும் கொழுந்து எடுக்கப் போகிறாள். அதனால்தான் எங்களுக்கு அந்த லைன் வீடு இன்னும் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் காய்கறிப் பாத்தி, வேலி, அப்புறம் மண்ரோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் சரிவு, சரிவின் அடியில் ஓடை, ஓடையைத் தாண்டினால் காடு. 1890-களில் தொடங்கி, முதலில் காப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாக இந்த மலையை வழித்தெடுத்தபோது, செங்குத்தாகவும் பாறையாகவும் இருந்ததால் தப்பித்த துண்டு அது. வால்பாறை முழுக்க இப்படித் துண்டு துண்டாக மழைக்காடு நிற்கிறது. வெடிப்பலா மரங்கள் அடர்ந்து, சோலைமந்திகள் கிளைக்குக் கிளை தாவி, அடுத்த துண்டுக்குப் போக வழியில்லாமல் ரோட்டில் இறங்கும்.

ஆறரை மணிக்கு இருட்டியது. வாசல் திண்ணையில் அப்பாவும் நானும் கட்டங்காப்பியோடு உட்கார்ந்தோம். அப்போது தொடங்கியது.

முதலில் வேலிக்குள்ளிருந்து ஒன்று, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிச் சொடுக்கினாற்போல: டிக். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டிக். பிறகு ரோட்டோரத்திலிருந்து ஒன்று, இரண்டு கூழாங்கல்லைத் தட்டுவதுபோல டொக்-டொக்-டொக் என்று. சில்வரோக் மரத்தின் மேலே எங்கேயோ, சைக்கிள் சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றினால் வருமே, அந்த ட்ர்ர்ர். பத்து நிமிஷத்தில் சரிவு முழுக்க எழுந்துவிட்டது. ஒன்று நிறுத்தும் இடைவெளியில் இன்னொன்று தன் சொடுக்கைச் செருகும். ஓடைப் பக்கமிருந்து கனமான ஒரு குரல் 'க்ர்வாக்' என்று எப்போதாவது அடிக்கோடு போடும். தினைப்புனத்தில் கிளி விரட்டத் தட்டுகிற மூங்கில் தட்டைக்குச் சுனைத் தேரையின் குரலை நம்முடைய பழம்பாட்டில் ஒப்பிட்டிருக்கிறார்கள். கல்லூரியில் அதைப் படித்தபோது, தவளை எங்கே மூங்கில் மாதிரி தட்டும், கர்புர் என்றல்லவா கத்தும் என்று நினைத்தேன். சமவெளித் தவளைதான் கர்புர். மலைத்தவளை தட்டத்தான் செய்கிறது. பாடியவர் மலையில் நின்று கேட்டிருக்கிறார்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. செத்துப்போகவில்லை. ஒன்றும் செத்துப்போகவில்லை.

அப்பா காப்பியை ஊதிக்கொண்டே சொன்னார்: "பாத்தியா. முன்னாடியெல்லாம் இந்நேரம் பேச முடியாது. இப்ப எவ்வளவு அமைதியாக் கெடக்கு."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அந்தக் காலத்தோடு ஒப்பிட்டுச் சொல்கிறார், அப்போது இதைப்போலப் பத்து மடங்கு இருந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு அதற்கு மேல் கேட்கவில்லை.

சின்ன வயதில் இந்த டிக் டிக் சத்தத்துக்கு எங்கள் வீட்டில் 'மழைப்பூச்சி' என்று பெயர். தவளை என்றால் ஓடையில், பாக்டரித் தண்ணீர்த் தொட்டியில் இருப்பது. புதரிலும் மரத்திலும் சொடுக்குவது ஏதோ பூச்சி என்றே வளர்ந்தேன். இளங்கலை இரண்டாம் வருஷத்தில்தான் அது புதர்த்தவளை என்று தெரிந்தது. பதினேழு வருஷம் தலைமாட்டில் கத்தியதை யாரென்றே தெரியாமல் தூங்கியிருக்கிறேன். அதைத் தெரிந்துகொண்ட நாளில் ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து அழுகை வந்தது. ஊர் நினைவு வந்து அழுததாகத் தோழிகள் நினைத்துக்கொண்டார்கள். அதுவும் உண்மைதான்.

தெரிந்தபிறகும் ஒன்றைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு பார்த்தே ஆகவேண்டும் என்று அண்ணன் மகனைக் கூட்டிக்கொண்டேன். ஏழாவது படிக்கிறான். யானை நடமாட்டம் இருந்தால் எரிகிற சிவப்பு விளக்கு வளைவுக் கம்பத்தில் எரியவில்லை. இருந்தாலும் அண்ணி வாசலில் நின்று, "ரோட்டத் தாண்டுனீங்கன்னா ரெண்டு பேருக்கும் சோறு கெடையாது" என்று கத்தினாள். கரடியும் சிறுத்தையும் நடக்கிற ரோடு. அவள் சொன்னது சரிதான். வேலிக்குள்ளேயே தேடினோம்.

புதர்த்தவளையைத் தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். சத்தம் அவ்வளவு குறுகியது. காது திரும்புவதற்குள் முடிந்துவிடும். வலது பக்கம் கேட்டது என்று போனால் அது முதுகுக்குப் பின்னால் கேட்கும். பக்கத்தில் போனால் சுத்தமாக நிறுத்திவிடும். பையன்தான் வழி கண்டுபிடித்தான். "அத்தை, நீங்க அங்க நில்லுங்க, நான் இங்க நிக்கேன். எங்க கேக்குதுன்னு தோணுதோ அங்க டார்ச்ச நீட்டுவோம்." பத்தடி தள்ளி நின்று இருவரும் நீட்டினோம். இரண்டு வெளிச்சமும் ஒரு உண்ணிச்செடியில் குறுக்கே வெட்டிக்கொண்டன. அந்தச் செடியை இலை இலையாகப் பார்த்தோம். காலில் அட்டை ஏறி இரத்தம் குடித்துக்கொண்டிருந்தது. உப்புப் பொட்டலத்தை எடுக்கக்கூட மனம் வரவில்லை. முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

இடுப்பு உயரத்தில், ஒரு இலையின் மேல், என் கட்டைவிரலின் மேல்கணு அளவுக்கு உட்கார்ந்திருந்தது. ஈரச் சருகின் நிறம். கண்ணைச் சுற்றிப் பொன் கம்பி கட்டினாற்போல ஒரு வளையம். விரல் நுனிகள் ஒவ்வொன்றும் சின்ன வட்டத் தட்டாக விரிந்து இலையைப் பற்றியிருந்தன. டார்ச் பட்டதும் வாயை மூடிக்கொண்டது. பையன் மிட்டாய்க் காகிதத்தின் சிவப்புத் தாளை டார்ச்சின்மேல் சுற்றினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மெதுவாகத் தொண்டை உப்பத் தொடங்கியது. உப்பி, உப்பி, அதன் தலையளவுக்கு ஒரு குமிழி. தோல் அவ்வளவு மெலிந்துவிட, சிவப்பு வெளிச்சம் அதற்குள்ளே போய் நின்றது. டிக். இவ்வளவு பக்கத்தில் அது சொடுக்கு இல்லை. காதுக்குள் யாரோ சுண்டியதுபோல இருந்தது.

கத்துவது ஆண் மட்டும். தன் எடைக்கு மீறிய உழைப்பு அது. இரவெல்லாம், ஒரு பெண் தவளை வருகிறவரைக்கும், ஆயிரக்கணக்கான முறை. பாம்புக்கும் சேர்த்து முகவரி சொல்கிற வேலை. நுணலும் தன் வாயால் கெடும் என்று பழமொழி சொல்கிறவர்கள், அது ஏன் அப்படியும் வாயைத் திறக்கிறது என்று ஒருமுறை இப்படி நின்று பார்க்க வேண்டும். பெண் வந்து முட்டையிட்டால் அதிலிருந்து தலைப்பிரட்டை வராது. முட்டைக்குள்ளேயே வால், கால் எல்லா மாற்றமும் நடந்து, சில வாரத்தில் ஒரு கடுகளவுத் தவளை முழு உருவாக வெளியே வரும். குளம் வேண்டாம், குட்டை வேண்டாம், ஓர் இலையும் அதில் காயாத ஈரமும் போதும். அந்த ஈரம் ஒரு வாரம் காய்ந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. முட்டை, தலைப்பிரட்டை, தவளை என்று வட்டம் போட்டு அம்புக்குறி வரைந்து வருஷா வருஷம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த வட்டத்தில் நிற்காத ஒன்று என் பிறந்த வீட்டு வேலியிலேயே இருந்திருக்கிறது.

"தாத்தாவக் கூப்பிடு" என்றேன்.

அப்பா கம்பளியோடு வந்தார். எங்கே என்று காட்டுவதற்குள் பார்த்துவிட்டார். டீத்தூளில் நார் கலந்திருக்கிறதா என்று பார்த்துப் பழகிய கண். "அடேயப்பா, இவ்வளவூண்டா!" என்று குனிந்தார். முகத்துக்கும் தவளைக்கும் ஒரு முழம்தான் இருந்தது. அது கத்திக்கொண்டிருந்தது. டிக். டிக். டிக்.

"தொண்டைய நல்லா உப்புதே. கத்தப் போகுதா?" என்றார்.

எனக்கு நாக்கு எழவில்லை. பையன்தான் சொன்னான்.

"தாத்தா, அது கத்திக்கிட்டுத்தான் இருக்கு."

அப்பா நிமிரவில்லை. தவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கம்பளியைத் தலையிலிருந்து விலக்கி, வலது காதை அதன் பக்கம் திருப்பினார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். "சரி, வாங்க உள்ள. பனி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

முப்பத்தொரு வருஷம் அவர் வேலை பார்த்தது பாக்டரியின் ரோல் ரூமில். வாட்டிய இலையை சி.டி.சி. ரோலர்கள் நசுக்கிக் கிழித்துச் சுருட்டுகிற இடம். நான் சின்னப்பிள்ளையாகச் சோற்றுத்தூக்கு கொண்டுபோவேன். கதவைத் திறந்தால் சத்தம் நெஞ்சில் வந்து முட்டும். உள்ளே யாரும் பேச மாட்டார்கள், பேசிப் பயனில்லை. எல்லாம் கைதான். முஷ்டியை மடக்கினால் நிறுத்து. உள்ளங்கையைக் கீழே பார்த்து அசைத்தால் இலையைக் குறைத்துப் போடு. தோளில் இரண்டு விரல் தட்டினால், தேயிலைத் தயாரிப்பை மேற்பார்க்கிற டீமேக்கர் வருகிறார். ஷிப்ட் மாறும்போது கையை முழுக்க நீட்டி ஐந்து விரலையும் விரித்தால், 'நான் வந்துட்டேன், இது இனி என் மிஷின், நீ கெளம்பு' என்று அர்த்தம். காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னவர்கூடக் கிடையாது. அந்தப் பாக்டரி எது என்று இங்கே எழுதப்போவதில்லை. சொல்லப்போனால் அது ஒரு பாக்டரியின் கதை மட்டும் இல்லை.

ஜூலையில் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போய்க் காதைச் சோதித்தோம். கண்ணாடி அறைக்குள் அப்பா ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார், கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். தாழ்ந்த ஒலிக்கெல்லாம் டக்கென்று தூக்கினார். ஒலி உயர உயர விரல் மடியிலேயே கிடந்தது. டாக்டர் காட்டிய படத்தில் கோடு மெதுவாக இறங்கி, நாலாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளத்தில் விழுந்திருந்தது. இயந்திர இரைச்சல் காதைக் கெடுத்தால் முதலில் விழுகிற இடம் அதுதான். அதனால்தான் பேச்சு ஓரளவு கேட்கிறது, இடி கேட்கிறது, ஓடைப் பக்கத்துப் பெருந்தவளை எப்போதாவது கேட்கிறது. புதர்த்தவளைகளில் பலவும் இரண்டாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலேதான் கத்துகின்றன. அப்பாவின் காதிலிருந்து அவை ஒவ்வொன்றாக, வருஷக்கணக்கில், சத்தமில்லாமல் இறங்கிப் போயிருக்கின்றன. உள்காதில் இருக்கிற மயிர்ச்செல்கள் செத்தால் மனிதனுக்குத் திரும்ப முளைக்காது என்றார் டாக்டர். தவளைக்கு முளைக்கும். அதை நான் எம்.எஸ்ஸி.யில் படித்திருக்கிறேன். அந்த அறையில் அதைச் சொல்லவில்லை.

காதுக்கருவி வாங்கினோம். அடுப்பு, பாத்திரம், தகரக்கூரை மழை எல்லாம் ஒரே இரைச்சலாக விழுவதாகச் சொல்லி நாலு நாளில் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டார். இன்னும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிக்கொண்டிருக்கிறோம்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் கேட்டார். "அந்தக் குட்டித் தவளைக்கு என்னம்மா பேரு?"

அவருக்குக் கேட்க வேண்டும் என்று நான் சத்தமாகச் சொல்ல, பஸ்ஸே கேட்டது. அதன் பேரினத்துக்கு 'ராவோர்செஸ்டஸ்' என்று 2010-இல் பெயர் வைத்தார்கள். பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியில் பாடம் நடத்திய சி.ஆர்.நாராயண் ராவின் நினைவாக. "வாத்தியார் பேரா?" என்று அப்பா சந்தோஷப்பட்டார். நான் விடவில்லை. 2003-இல் இடுக்கியில் கண்டுபிடித்த ஊதாத் தவளையைச் சொன்னேன். வருஷமெல்லாம் மண்ணுக்குள் கிடந்து, மழை தொடங்கும்போது சில நாள் மட்டும் மேலே வரும். பன்றி மூக்கு. அதற்கு நெருங்கிய உறவுக்காரத் தவளைகள் இருப்பது கடலுக்கு அப்பால் சீஷெல்ஸ் தீவுகளில். அந்தக் குடும்பத்து இன்னொரு தவளையை 2017-இல் நம் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையிலிருந்து விவரித்து, அதற்கு பூபதி என்று பெயர் வைத்ததையும் சொன்னேன். சுப்பிரமணியம் பூபதி என்ற ஊர்வன ஆய்வாளர், 2014-இல் அகத்தியமலையில் களப்பணியின்போது இறந்துபோனவர். அவர் நினைவாக. அப்பா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. "காட்டுலயே செத்தாரா" என்று மட்டும் கேட்டார்.

ஆழியாறு தாண்டியபிறகு அவராகவே ஒன்று சொன்னார். பாக்டரித் தொட்டிக்கு மேலே தாழ்ந்த கிளையில், ஜூன் மாதமானால் வெள்ளை நுரைக்கட்டி தொங்குமாம். பாம்பு எச்சில் என்று சொல்லிக் கம்பால் தட்டிவிடுவார்களாம். "பச்சையா ஒரு தவள, கால் வெரலுக்கு நடுவுல செவப்புத் தோலு. அதுவும் அங்கதான் சுத்தும்." எனக்குப் புல்லரித்தது. அவர் சொன்னது பறக்கும் தவளை. பெண் தவளை பின்னங்காலால் கடைந்து கடைந்து நுரையாக்கி, அதற்குள் முட்டையிடும். குஞ்சுகள் நுரைக்குள் வளர்ந்து, கீழே தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விழும். அதற்காகத்தான் தொட்டிக்கு மேலேயே கட்டுகிறது. ஆனைமலையின் பெயரிலேயே பறக்கும் தவளை ஒன்று உண்டு, 2000-இல்தான் அறிவியலில் பெயர் பெற்றது. குட்டியாக இருக்கும்போது பச்சை முதுகில் கறுப்பு வலை போட்டிருக்கும். அப்பா தட்டிவிட்டது அதனுடையதா, பரவலாக இருக்கிற மலபார் பறக்கும் தவளையுடையதா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. "தெரியாமப் பண்ணிட்டோம்" என்றார். இரண்டு வளைவு தாண்டி மறுபடியும், "நெறயத் தட்டியிருக்கேன்ம்மா" என்றார்.

பேச்சை மாற்றத்தான் ஆடும் தவளைகளைச் சொன்னேன். ஓடைப் பாறையில் உட்கார்ந்து பின்னங்காலை நீட்டி ஆட்டுகிற சின்னஞ்சிறு தவளைகள். 2014-இல் ஒரே கட்டுரையில் பதினான்கு புது இனங்களை விவரித்தார்கள், எல்லாமே மேற்குத் தொடர்ச்சி மலையில். பன்னிரண்டு வருஷ உழைப்பு.

"ஏன் கால ஆட்டுது? கத்த வேண்டியதுதான?"

"கத்தும்பா. ஆனா ஓடை இரைச்சல்ல அது குரல் எடுபடாது. அதான்."

அப்பா ஜன்னல் பக்கமிருந்து முழுசாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "அத நான் பாக்கணும்" என்றார்.

பெருமழையில் ஓடை புரளும், அப்போது அவை ஆடாது. வெள்ளம் வடிந்து பாறைகள் தலைதூக்க வேண்டும். ஆகவே தீபாவளி லீவு வரைக்கும் காத்திருந்தோம். அண்ணன் எஸ்டேட்டில் சொல்லி அனுமதி வாங்கியிருந்தான். காலை ஒன்பது மணிக்கு, மூன்று பேரும் பூட்ஸ் போட்டு, காலெல்லாம் மூக்குப்பொடியும் சுண்ணாம்பும் தடவிக்கொண்டு, சரிவில் இறங்கினோம். காட்டுக்குள் நுழைந்ததும் வெளிச்சம் பாதியாகிவிட்டது. வேர்களெல்லாம் பாசி. அப்பா ஒவ்வொரு மரத்தையும் தொட்டுப் பிடித்து இறங்கினார்.

ஓடைக்கரையில் நின்று நான் ஏதோ சொன்னேன். அண்ணன் கையைக் காதில் வைத்து 'என்ன?' என்றான். மறுபடி சொன்னேன். அவனுக்குக் கேட்கவில்லை. அவன் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. மேலே ஒரு ஆள் உயரத்திலிருந்து தண்ணீர் பாறையில் விழுந்துகொண்டிருந்தது. அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வீட்டில் நாலு பேர் பேசும்போது அவர் முகத்தில் வருகிற அந்தத் திகைப்பு அங்கே இல்லை. அண்ணனைப் பார்த்து உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்தார். மெதுவா. முஷ்டியை மடக்கினார். நில்லு. எனக்கு ஒரு பாறையைக் காட்டினார். உட்காரு.

உட்கார்ந்தோம். அரைமணி நேரம் ஈரப்பாறையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பாறை நிறமேதான் அவையும். கடைசியில் அப்பாதான் கண்டுபிடித்தார். என் மணிக்கட்டைத் தொட்டு, விரலால் காட்டினார். தண்ணீர் தெறிக்கிற விளிம்பில், இரண்டு விரற்கடைகூட இல்லாத ஒரு பழுப்புத் தவளை. தொண்டையில் ஒரு சின்ன வெளுப்பு உப்பி அடங்கிக்கொண்டிருந்தது. கத்துகிறது. மூன்று பேரில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

ஒரு முழம் தள்ளி, இன்னொன்று பாறையில் தாவி ஏறியது.

முதல் தவளை அசையாமல் இருந்தது. பிறகு வலது பின்னங்காலை மெதுவாக உயர்த்தி, முழங்கால் நிமிர, பின்னால் நீளமாக நீட்டியது. நீட்டிய நுனியில் விரல்கள் ஐந்தும் விரிந்தன. நடுவே இருந்த சவ்வு ஒரு கணம் வெளுத்துப் பளிச்சிட்டது. ஒரு அரைவட்டம் சுழற்றி மடக்கிக்கொண்டது. அடுத்தது இடது கால். வந்த தவளையும் பதிலுக்குக் காலை நீட்டியது. இது மறுபடி வலது. அவ்வளவு நிதானம், அவ்வளவு தெளிவு.

எனக்குக் கண் நிறைந்து ஒன்றும் தெரியவில்லை. துடைத்துக்கொண்டு திரும்பினேன். அப்பா பாறையிலிருந்து எழுந்து நின்றிருந்தார். வலது கையை முழுக்க நீட்டி, ஐந்து விரலையும் விரித்து அண்ணனுக்குக் காட்டினார். இன்னொரு கையால் தவளையைச் சுட்டினார். அண்ணனும் சின்ன வயதில் அந்தப் பாக்டரிக்குச் சோற்றுத்தூக்கு கொண்டுபோனவன்தான். சிரித்துக்கொண்டே தலையாட்டினான்.

வந்த தவளை தண்ணீரில் குதித்துப் போனது. அப்பா கையை இறக்கி, திரும்பவும் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டார். மத்தியானம் வரைக்கும் அங்கேயே இருந்தோம்.